நசீமா தானாகச் சொன்ன பதில்

மங்கலத்தில் நசீமாவின் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. அவளுடைய அத்தா, அத்தாவைப் பெற்றவர், எல்லோரும் பேசியது தமிழ்தான். தொழுகைக்கு வேண்டிய அரபி வசனங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைத் தவிர வேறொரு பாஷை அந்தக் குடும்பத்தில் யார் நாக்கிலும் ஏறியதில்லை.

அருள்புரம் பக்கத்தில் இருபது படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் போனபோது நாற்பத்தொரு வயது. புருஷன் அக்பர் தறி ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள்தான் அப்போது தறி ஓடியது. மேனேஜர் செல்வக்குமார் அவள் பெயரைக் கேட்டார். சொன்னாள்.

"அப்ப உங்களுக்கு இந்தி தெரியுமில்லீங்க? இங்க வர்றதுல பாதிக்கு மேல வடக்கத்தி ஆளுங்க. சிஸ்டருங்க திண்டாடுறாங்க."

அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பெண்கள் வரிசையில் நின்றார்கள். "கொஞ்சம் தெரியுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே வேலை கிடைத்தது.

தெரியாது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. முதல் மாதத்திலேயே பத்துப் பதினைந்து வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டாள். தர்த் என்றால் வலி. புகார் என்றால் காய்ச்சல். உல்டி வாந்தி, பானி தண்ணீர், கானா சாப்பாடு, தவாய் மருந்து. 'கித்னா தின்' என்று கேட்டால் எத்தனை நாள். மீதியைக் கையாலும் முகத்தாலும் சமாளித்தாள். அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. இருபத்தைந்து வருஷம் தறிச் சத்தத்துக்குள் நின்று அக்பருக்குக் காது போய்விட்டது. வீட்டில் பாதிப் பேச்சு சைகைதான். ஒருவர் முகத்தைப் பார்த்தே மனதில் இருப்பதைச் சொல்லிவிட முடியும் என்று நசீமா உண்மையாகவே நம்பினாள்.

காலை ஓ.பி.யில் எண்பது, தொண்ணூறு பேர் வருவார்கள். பனியன் கம்பெனிப் பெண்கள், சாயப்பட்டறை ஆட்கள், ஊசி ஏறிய விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு வரும் டெய்லர்கள். டாக்டர் சித்ரகலா ஒருத்திதான் எல்லோரையும் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வயது இருக்கும். வேகமாகப் பேசுவாள், வேகமாக எழுதுவாள். "நசீமாக்கா இல்லீன்னா இந்த ஓ.பி. நடக்காது" என்று ஒருநாள் எல்லோர் முன்பும் சொன்னாள். அதைக் கேட்ட நசீமா அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தாள். கூட்டித் துடைக்க வந்தவளை டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, பதினொரு மணி வாக்கில், ஹாஸ்டல் வார்டன் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். "வயித்து வலிங்களாம். நான் போயிட்டு ஒரு மணிக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டாள்.

பெண்ணுக்கு இருபத்தொரு வயது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. ரஷ்மிதா என்று அதில் இருந்த பெயரைச் சிஸ்டர் அன்புசெல்வி படித்துச் சீட்டில் எழுதினாள். ஒடிசாக்காரி. தலைமுடியில் பஞ்சுத் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே டாக்டர் அறைக்குள் வந்தாள்.

"எப்ப இருந்து வலின்னு கேளுங்க. கடைசியா பீரியட்ஸ் எப்பன்னும் கேட்டுருங்க" என்றாள் சித்ரகலா. சொல்லிக்கொண்டே, அதற்கு முன் பார்த்த நோயாளியின் சீட்டை எழுதி முடித்துக்கொண்டிருந்தாள்.

நசீமா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "கித்னா தின்?" என்றாள்.

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையைத் தொப்புளுக்குக் கீழே வைத்து, தலையைத் தாழ்த்தி, "துயி மாசொ" என்றாள். இரண்டு விரலைக் காட்டினாள்.

மாசொ என்றால் மாசம். அதற்கு இந்தி தெரிய வேண்டியதில்லை. "ரெண்டு மாசமா வலிக்குதாமுங்க" என்றாள் நசீமா.

"பீரியட்ஸ்?"

அதை எந்த வார்த்தையால் கேட்பது என்று நசீமாவுக்குத் தெரியவில்லை. சைகையால் கேட்கலாம். ஆனால் கதவு திறந்திருந்தது, வாசலில் ஆண்கள் நின்றார்கள், மருந்துக்கடைப் பையன் வேறு ஏதோ கேட்டுக்கொண்டு உள்ளே நின்றான். அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பெண் ஓய்ந்துபோய்த் தலையை ஆட்டினாள்.

"சரியா வருதுங்க" என்றாள் நசீமா.

டாக்டர் வயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பெண் துடித்தாள். "ரெண்டு மாசமா இருக்குதுன்னா அல்சர்தான். காலையில சாப்பிடாம ஷிஃப்டுக்கு ஓடுறது, எல்லாப் புள்ளைகளும் இதேதான். பி.பி. கொஞ்சம் கம்மியா இருக்குது, ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க" என்று எழுதிக் கொடுத்தாள்.

பாட்டில் ஏறும்போது நசீமா பக்கத்தில் நின்றாள். ரஷ்மிதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். அதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. சரி என்பதற்குத் தனக்குத் தெரிந்த "டீக், டீக்" என்பதைச் சொல்லி நசீமா அவள் நெற்றியைத் தடவினாள். பெண்ணின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு மணிக்கு வார்டன் வந்து அழைத்துப் போனாள்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் ரஷ்மிதா படுத்திருந்தாள். உதடும் நகமும் வெளுத்துப்போயிருந்தன. நாடி கையில் அகப்படவில்லை. சித்ரகலா ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க, உடனே" என்று கத்தினாள். நசீமாவும் அன்புசெல்வியும் சேர்ந்து தூக்கி ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பாதம் ஐஸ் போல இருந்தது. வண்டி பெரியாஸ்பத்திரியைத் தொடுவதற்குள் உயிர் போய்விட்டது.

கூட வந்த பெண்ணொருத்தியை ஆம்புலன்சில் ஏற்றவில்லை. அவள் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். புஷ்பாஞ்சலி என்று பெயர், ரஷ்மிதாவின் ஊருக்குப் பக்கத்து ஊர். நான்கு வருஷமாகத் திருப்பூரில் இருப்பதால் தமிழ் ஓரளவு பேசுவாள். நசீமா அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

"நேத்து ராத்திரி ஆஸ்பத்திரி போலாம் சொன்னேன் அக்கா" என்றாள் புஷ்பாஞ்சலி. "அவ வேண்டாம் சொன்னா. எல்லாம் சொல்லிட்டேன் சொன்னா."

"என்ன சொன்னாளாம்?"

"ரெண்டு மாசம் வரல இல்ல, அது. குளிக்கல. வயித்துல புள்ள இருக்கும்னு நெனைச்சா. நேத்து காலைலதான் வலி வந்துச்சு. டாக்டர் ரூம்ல ஒரு மௌசி, சித்தி மாதிரி ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லிட்டேன், அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க, மருந்து குடுத்துட்டாங்க, சரியாயிரும் அப்டின்னு சொன்னா." அவள் நசீமாவை நிமிர்ந்து பார்த்தாள். "மௌசி யாரு அக்கா? இந்தி தெரிஞ்சவங்க?"

நசீமா எழுந்தாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கழுவுகிற இடத்தில் போய் நின்றாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு டாக்டர் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார்கள். அவள் ஒன்றைத்தான் கேட்டாள். அந்தப் பெண் மற்றதற்குப் பதில் சொன்னாள். அந்தப் பதிலை எடுத்து இதற்கு வைத்தது நசீமாதான். அதுகூடப் போகட்டும், தெரியாமல் நடந்தது. 'சரியா வருதுங்க' என்பதை அந்தப் பெண் சொல்லவேயில்லை. அது நசீமாவின் வாயிலிருந்து தானாக வந்தது.

அன்று மத்தியானம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வீட்டுக்குப் போகவில்லை. அக்பர் வேலை பார்க்கிற தறிக்குடோனுக்குப் போனாள். வீட்டில் வைத்து அவரிடம் இதைச் சொல்ல முடியாது. அவர் காதில் விழும்படி சொன்னால் தெருவுக்கே கேட்கும். குடோனில் பன்னிரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.

அவர் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அக்பர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு நூல் அறுந்தது. தறியை நிறுத்தி, நூலை முடிந்து, மறுபடி ஓட்டிவிட்டு, "சொல்லு" என்றார். அவள் சொல்லி முடித்தாள்.

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமில்ல புள்ள?"

"சொல்லியிருக்கலாமுங்க."

"டாக்டரம்மாகிட்டச் சொல்லீரு" என்றார். தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷிஃப்டு முடிகிறவரை அவள் சுவரோரம் நூல் சுற்றிய பாவு உருளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை போஸ்ட்மார்ட்டம் முடிந்த செய்தி வந்தது. கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் வளர்ந்து, குழாய் வெடித்திருந்தது. வயிறு முழுக்க ரத்தம். ஓ.பி. சீட்டின் நகல் வாங்க வந்த போலீஸ்காரர்தான் சொன்னார். அவர் போன பிறகு சித்ரகலா தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நசீமா கதவைத் தட்டி உள்ளே போனாள்.

"அந்தப் புள்ள பீரியட்ஸ் சரியா வருதுன்னு சொல்லலீங்க டாக்டர். நானாச் சொன்னனுங்க. ரெண்டு மாசம்னு அது சொன்னது வலி இல்லீங்க. எனக்கு இந்தியே தெரியாதுங்க."

சித்ரகலா மேஜையைப் பார்த்தாள். பிறகு, "அந்த வயசுல ஒரு பொண்ணு வயித்து வலின்னு வந்தா யூரின் டெஸ்ட் எழுதோணும். யார் என்ன சொன்னாலும் எழுதோணும். படிச்சதுதான். கையில ரிசல்ட் வர அஞ்சு நிமிஷம் ஆகும். நான் எழுதலை" என்றாள். "நீங்க சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு நசீமாக்கா. வெளிய கூட்டம் நின்னுச்சு."

மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு, "இத யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். யாரைக் காப்பாற்ற அதைச் சொன்னாள் என்று நசீமாவுக்குத் தெரியவில்லை. சித்ரகலாவுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

போலீஸ் விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பெண்ணுக்கு முன்பே அல்சர் இருந்தது என்று வார்டன் எழுதிக் கொடுத்தாள். கம்பெனிக்காரர்கள் உடலை ஊருக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார்கள்.

சனிக்கிழமை காலை நசீமா பெரியாஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனாள். வேப்பமரத்தடியில் ரஷ்மிதாவின் புருஷன் சுதர்சன் உட்கார்ந்திருந்தான். சாயப்பட்டறையில் வேலை. கை இரண்டும் முழங்கை வரைக்கும் நீலமாக இருந்தது, நகக்கண்ணில் கறுப்பு. அவனும் சின்னப் பையன்தான். கல்யாணமாகி ஒரு வருஷம். இருவரும் ஒரே ஊரில் வேலை பார்த்தாலும் அவள் ஹாஸ்டலில், அவன் பட்டறை ஷெட்டில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்வார்கள். புஷ்பாஞ்சலி அவன் பக்கத்தில் இருந்தாள்.

நசீமா அவளைத் தனியே கூப்பிட்டாள். "அந்த மௌசி நான்தான் கண்ணு" என்றாள். நடந்ததை முழுசாகச் சொன்னாள். "எனக்கு அவங்க பேச்சு தெரியாது. நீ அவருகிட்ட இத அப்படியே சொல்லிரு. நான் பக்கத்துல நிக்கறேன். அடிச்சாலும் பரவால்ல."

புஷ்பாஞ்சலி அவளையே பார்த்தாள். முகத்தில் கோபம் வந்தது, போனது. பிறகு சுதர்சனிடம் போய்க் குனிந்து நின்று ஏதோ சொன்னாள். இரண்டே வாக்கியம்தான் இருக்கும். சுதர்சன் தலை நிமிர்ந்து நசீமாவைப் பார்த்தான். மெல்ல எழுந்தான். இரண்டு நீலக் கைகளையும் குவித்து அவளைக் கும்பிட்டான்.

நசீமாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "நான் சொன்னதச் சொன்னியா?" என்று புஷ்பாஞ்சலியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லல. கடைசியில அவகூட இருந்தவங்க, நல்லாப் பாத்துக்கிட்டாங்க அப்டின்னு சொன்னேன்."

"ஏங் கண்ணு இப்படிப் பண்ணுனே?"

"அக்கா, அவன் ரெண்டு நாள் அந்த வண்டியில போகணும். பொட்டி பக்கத்துல உக்காந்து தனியாப் போகணும். இது சொன்னா எப்படிப் போவான்? நீங்க சொல்லிட்டா உங்களுக்கு மனசு சரியாயிரும். அவனுக்கு?"

சுதர்சன் இன்னும் கைகூப்பியபடியே நின்றான். அவனிடம் 'இல்லை' என்று சொல்லக்கூட நசீமாவுக்குப் பாஷை இல்லை. வண்டி வந்தது. ஏற்றினார்கள். போய்விட்டது.

திங்கட்கிழமை அவள் செல்வக்குமாரிடம் போய்த் தனக்கு இந்தி தெரியாது என்று சொன்னாள். "அட, அந்தளவு தெரிஞ்சாப் போதுமுங்க" என்று அவர் சிரித்தார். அவள் ஓ.பி.யிலேயே நின்றாள், ஆனால் முன்புபோல் இல்லை. புரிந்ததை மட்டும் சொன்னாள். புரியாததைப் "புரியலீங்க டாக்டர்" என்று சொன்னாள். நாளொன்றுக்கு இருபது முப்பது தடவை அதைச் சொல்ல வேண்டியிருந்தது. வரிசை நீண்டது. சித்ரகலா ஒருபோதும் முகம் சுளிக்கவில்லை. வயிற்று வலி என்று வருகிற பெண்களில் ஒருத்தியையும் அவள் டெஸ்ட் இல்லாமல் அனுப்புவதில்லை. ஆனால் செல்வக்குமார் பொறுக்கவில்லை. ஒரே மாதத்தில் நசீமாவை வார்டு கழுவும் வேலைக்கு மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் புஷ்பாஞ்சலியின் ஹாஸ்டல் வாசலுக்குப் போக ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாரம் புஷ்பாஞ்சலி வெளியே வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தாள். "என்ன வேணும் அக்கா?" என்றாள்.

"மாசாமாசம் வர்றது எப்ப வந்துச்சுன்னு உங்க பேச்சுல எப்படிக் கேக்கறது?"

அங்கிருந்து ஒடியா படிப்பு ஆரம்பமானது. ரோட்டோர பேக்கரியில் உட்கார்ந்து, தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வாள். குத்தும் வலிக்கு ஒரு வார்த்தை, எரியும் வலிக்கு ஒன்று, விட்டு விட்டு வருவதற்கு ஒன்று. பாதித் திருப்பூர் வீட்டுக்குள் தூங்குகிற ஞாயிறு மத்தியானங்களில் அவள் இதைச் செய்தாள். வயதான நாக்கு வளையவில்லை. புஷ்பாஞ்சலி திருத்துவாள், சிரிக்க மாட்டாள். ரஷ்மிதாவைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

சித்ரகலா மேனேஜருக்குத் தெரியாமல் வார்டிலிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொள்வாள். நசீமாவுக்குப் புரியாத இடம் வந்தால் புஷ்பாஞ்சலிக்குப் போன் போடுவார்கள். ஆனால் தையல் லைனில் போன் எடுக்க விடமாட்டார்கள். பதினொரு மணி டீ டைமிலும், ஒரு மணிச் சாப்பாட்டிலும்தான் அவள் பேச முடியும். அதனால் நோயாளிகள் சில நேரம் இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருக்க வேண்டியிருந்தது. சிலர் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாது. அடுத்த தைக்குள் ஒடிசாவில் கியோஞ்சர் பக்கத்துப் பெண்ணொருத்தி அதேபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நசீமா கதவைச் சாத்திவிட்டு அந்தக் கேள்வியை அவள் பேச்சிலேயே கேட்டாள். அவள் நாற்பது நாள் என்றாள். ஆபரேஷன் செய்து பிழைத்துக்கொண்டாள். அன்று அன்புசெல்வி நசீமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நசீமாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு சுலபமாக இருந்ததே என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, பேச்சு ஓரளவு கைவந்த பிறகு, அவள் புஷ்பாஞ்சலியிடம் சுதர்சனின் நம்பரைக் கேட்டாள். அவன் திருப்பூருக்குத் திரும்பி வரவேயில்லை. ஊரில் செங்கல் சூளையில் இருக்கிறான் என்று கேள்வி. புஷ்பாஞ்சலி நெடுநேரம் யோசித்துவிட்டு நம்பரைக் கொடுத்தாள்.

"நான் பேசமாட்டேன் அக்கா" என்றாள்.

"வேண்டாங் கண்ணு. நானே பேசிக்கறேன்."

அக்பர் தறிக்குப் போயிருந்த ஒரு மத்தியானத்தில் வீட்டில் தனியாக உட்கார்ந்து நம்பரை அழுத்தினாள். அவன் எடுத்தான். பின்னால் கோழி கூவுகிற சத்தம் கேட்டது. தான் யார் என்று சொன்னாள். அவனுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு வாக்கியமாக, நோட்டில் எழுதி வைத்ததைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். அன்று அவள் பேச்சு எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி சொன்னேன். கேட்காததைக் கேட்டேன் என்று சொன்னேன். அதனால் மருந்து தப்பாகிவிட்டது. நீ என்னைக் கும்பிட்டிருக்கக் கூடாது.

வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தாள். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு அவன் கேட்டான். "தாகு பஹுத் கஷ்டொ ஹெலா கி?"

பஹுத் என்றால் ரொம்ப. அவள் ரொம்பக் கஷ்டப்பட்டாளா என்று கேட்டான். இந்தமுறை ஒரு வார்த்தையும் தப்பவில்லை. பெஞ்சில் மடங்கி உட்கார்ந்திருந்ததும், டாக்டர் கை பட்டதும் துடித்ததும், வேனில் கிடந்த முகமும் நசீமாவின் கண்முன் வந்தன. இல்லை என்று சொல்ல அவளுக்கு வார்த்தை தெரியும். புஷ்பாஞ்சலியாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"பஹுத்" என்றாள் நசீமா.

அவன் மூச்சு விடுவது கேட்டது. "ஹஉ" என்றான். சரி என்று அர்த்தம். போனை வைத்துவிட்டான்.